மாபா லாரி எந்த வருடத்து லாரி

எஜுராவிலிருந்து கும்மாசி போகும் சாலையில் எந்த லாரி வந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு ஹாரனைக் கேட்டே அது எந்த வருடம் செய்த வண்டி என்று சொல்லிவிடுவேன். ஐம்பது வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. சரி, இது மிகை. மொத்தம் இரண்டு லாரிகளுக்குத்தான் வருடம் சொல்லியிருக்கிறேன். ஒன்று தப்பாகிவிட்டது. அந்த வண்டிக்காரன் இன்றும் என்னைக் கண்டால் சிரிப்பான். மற்றது சரியாக இருந்தது. சரியாக இருந்ததால்தான் க்வாபெனா ஊரைவிட்டுப் போனான்.

க்வாபெனாவை நான் முதலில் பார்த்தது 1977இல். எஜுரா லாரி நிலையத்தில், சேனைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே, கையில் ஒரு தகரப் பெட்டியோடு நின்றிருந்தான். பத்தொன்பது வயது. கழுத்து நீண்டிருந்ததால் எங்கே நின்றாலும் எதையோ எட்டிப் பார்ப்பது போலிருக்கும். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான்.

"மாபா யாருங்க?"

மாபா என்றால் 'வந்துட்டேன்' என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் லாரியின் நெற்றிப் பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் டிரைவரின் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சர்ச்சுக்கும் போலீஸுக்கும். மாபா என்று பெரிய மஞ்சள் எழுத்தில் எழுதிய பெட்போர்டு லாரி அதுசெய் என்பவருடையது. ஆகவே அதுசெய்தான் மாபா. லாரி நிலையத்தில் அந்தப் பையனுக்கு அவரைக் காட்டிவிட்டார்கள்.

அதுசெய் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். பையன் எதிரில் போய் நின்றான்.

"நான் போக்குவா மகன். கிழங்கு வியாபாரம் பண்ணாங்களே, அத்தேபுபு போக்குவா."

அதுசெய் நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார் என்று க்வாபெனா பின்னால் என்னிடம் சொல்வான். நான் பக்கத்தில் கென்கே என்கிற சோள உருண்டை வாங்கிக்கொண்டிருந்தேன். என் கணக்கில் அது மூன்று பம்பு அடிக்கும் நேரம்.

"வண்டி கழுவத் தெரியுமா?"

"தெரியும்."

"போய்த் தண்ணி எடுத்துட்டு வா."

இப்படித்தான் அவன் அந்த லாரியில் கிளீனரானான். இருபத்தொரு வருடம் அதை விட்டு இறங்கவில்லை.

அவனுடைய கதை நாலு வரியில் முடிந்துவிடும். ஆறு வயதில் அம்மா செத்துப்போனாள். சித்தி வளர்த்தாள். அவன் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று சித்தி சொன்னாளாம்: "உன் அப்பன் யாருன்னு உங்கம்மா ஒரே ஒரு தடவை சொன்னா. மாபா டிரைவர்னு சொன்னா. வேற பேரு சொல்லல." ஞானஸ்நானச் சீட்டில் தகப்பன் பெயர் எழுதும் இடம் காலி. பிறந்த தேதி மட்டும் இருந்தது: 1958, செப்டம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை.

எங்களில் தகப்பன்தான் எட்டாம் நாள் குழந்தையைக் கையில் வாங்கிப் பெயர் வைப்பான். க்வாபெனாவுக்கு அது நடக்கவில்லை. செவ்வாயில் பிறந்ததால் க்வாபெனா, அவ்வளவுதான். கிழமைதான் அவனுக்குப் பெயர் வைத்தது என்று நான் கேலி செய்வேன். சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நான் அந்தக் கேலியை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

அதுசெய்யிடம் அவன் நேராகக் கேட்டதே இல்லை. வாயால் 'டிரைவர்' என்று கூப்பிட்டான். அவரும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூன்று மனைவிகள் கட்டியவர், ஒருத்தியிடமும் குழந்தை இல்லை. பூபூ சாப்பிடும்போது சூப்பிலிருந்து மீன் தலையை எடுத்து அவன் பக்கம் வைப்பார். அவனுக்கு மலேரியா வந்தபோது நூறு மூட்டைச் சரக்கை நடுவழியில் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒருநாள் நிலையத்தில் யாரோ, "மாபா, இது உன் பையனா?" என்று சீண்டினார்கள். "பையன் மாதிரிதான் திங்கிறான்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை க்வாபெனா என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று எண்ணிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சொல்லை அழுத்திச் சொல்வான்.

1998 பிப்ரவரியில் அதுசெய் ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே செத்துப்போனார். வண்டி நின்றுகொண்டிருந்ததால் வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் வழக்கத்தில் ஒருவன் விட்டுப்போகும் சொத்து அக்கா தங்கை மகனுக்குப் போகும். ஆனால் சவப்பெட்டி பெற்ற பிள்ளை வாங்க வேண்டும். அதை வேறு யாரும் வாங்கக் கூடாது. பிள்ளையே இல்லாதவனுக்கு மட்டும் குடும்பம் வாங்கும், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு. பிள்ளை வாங்கிய பெட்டியில் போகிறவனை ஊரே வாசலில் நின்று பார்க்கும்.

க்வாபெனா மறுநாளே தச்சனிடம் போனான். லாரிப் பலகை செய்கிற, ஒடும் என்கிற கெட்டி மரத்திலேயே பெட்டி செய்யச் சொன்னான். பெற்ற பிள்ளைகள் துக்கத்துக்குப் போர்த்திக்கொள்கிற சிவப்புத் துணியும் எடுத்தான். பிறகு சாவு வீட்டுக்குப் போய்ப் பெரியவர்கள் முன்னால் மண்டியிட்டு, "அப்பாவுக்குப் பெட்டி நான் குடுக்குறேன்" என்றான்.

முதல் தடவையாக வாயால் அப்பா என்றான்.

அதுசெய்யின் அக்கா மகன் ஆம்போஃபோ அங்கே உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, கொக்கோ கிட்டங்கியில் எடை போடுகிறவர். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அப்படி இல்லை. பயந்த மனிதர். அரசாங்கம் அதற்குச் சில வருடங்களுக்கு முன் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது; தகப்பன் சம்பாதித்ததில் பெற்ற பிள்ளைக்கும் பங்கு உண்டு என்று. பெட்டி வாங்க விட்டால் பிள்ளை என்று ஒப்புக்கொண்ட மாதிரி. பிள்ளை என்றால் லாரியும் வீடும் கைவிட்டுப் போகும்.

"தம்பி, யாரு உனக்கு அப்பா?" என்றார்.

"எனக்கு லாரி வேணாம்ணே. வீடும் வேணாம். எழுதிக் குடுக்குறேன். பெட்டி மட்டும்."

"இன்னிக்கு எழுதிக் குடுப்ப. நாளைக்கு உன் பிள்ளைங்க கோர்ட்டுக்குப் போவாங்க. நீ எந்த வருஷம் பொறந்த?"

"அம்பத்தெட்டு."

"எங்க மாமா ஒபுவாசி சுரங்கத்துல இருந்து ஊருக்கு வந்ததே அறுபது கிறிஸ்துமஸுக்கு. அப்புறம்தான் லாரி வாங்கினாரு. அம்பத்தெட்டுல அவரு பூமிக்கு அடியில தங்கம் வெட்டிட்டு இருந்தாரு. அங்கேர்ந்து அத்தேபுபுவுக்குச் சுரங்கம் தோண்டியா வந்தாரு?"

சிலர் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிப்பது எங்களுக்குக் குற்றமில்லை.

"பொய்," என்றான் க்வாபெனா. எழுந்து நின்றுவிட்டான். "அந்த லாரி அம்பத்தேழு மாடல். நாடு சுதந்திரம் வாங்கின வருஷத்து வண்டின்னு அவரே ஆயிரம் தடவ சொல்லியிருக்காரு. பலகையில 1957ன்னு எழுதியிருக்கு, ஊரே பாத்திருக்கு. பதிவுப் புத்தகத்துலயும் அம்பத்தேழுதான்."

"பதிவுப் புத்தகத்துல அவரு சொன்னதத்தான் எழுதுவாங்க. பழைய வண்டிக்காரன் மொதல்ல லோடு ஏத்தலாம்னு நிலையத்துல ஒரு முறை இருந்துச்சு. அதுக்காக வருஷத்தக் கொறச்சுச் சொன்னாரு. எங்க மாமா பெருமை அடிப்பாருன்னு உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் பெருமை அடிப்பதில் அதுசெய்யும் நானும் சரிசமம். ஆனால் யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் தகராறு இல்லை. அதுசெய் அந்த வண்டியைப் புதிதாக வாங்கினார். கும்மாசியில் வாங்கிய வெறும் சேசிஸை, கேபினும் இல்லாமல் பலகையும் இல்லாமல், ஒரு மரப்பெட்டியைக் கட்டி அதன்மேல் உட்கார்ந்து, கண்ணில் தூசிக் கண்ணாடியோடு அவர் ஓட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்த கிழவர்கள் நாலைந்து பேர் அந்த முற்றத்திலேயே இருந்தார்கள். எந்த வருடம் என்று மட்டும் ஒருவருக்கும் நினைவில்லை. ஒருவர் பெரியம்மை வந்த வருடம் என்றார். இன்னொருவர் அது வருவதற்கு முந்திய வருடம் என்றார்.

அப்போதுதான் க்வாபெனா அதைச் சொன்னான். யாரும் கேட்காமல் அவனாகவே சொன்னான்.

"லாரியையே கேப்போம். அது அம்பத்தேழுல செஞ்சதா இருந்தா பெட்டி என்னோடது. அதுக்கு அப்புறம் செஞ்சதா இருந்தா, இந்தச் செவப்புத் துணிய இங்கயே வெச்சுட்டுப் போயிடுறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

ஆம்போஃபோ உடனே சாராயத்தைக் கொண்டுவரச் சொல்லித் தரையில் ஊற்றினார். முன்னோர்கள் கேட்டுவிட்டார்கள், இனி மாற்ற முடியாது. வண்டியைப் பார்க்க, கும்மாசியில் பட்டறைகள் நிறைந்த சுவாமேயிலிருந்து ஃபிட்டர் மாஸ்டர் இத்ரிசு. எழுத்து வேலைக்கு, முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்த நான். இரு தரப்புக்கும் சொந்தமில்லாதவள் என்று என்னைப் பிடித்துவிட்டார்கள்.

"மேடம், நீங்க வர்றீங்கன்னா எனக்குப் பயமே இல்ல," என்றான் க்வாபெனா.

வியாழக்கிழமை காலை மாபாவை மாமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதி ஊர் கூடிவிட்டது. வறுத்த வாழைக்காய் விற்கிறவளுக்கு அன்று நல்ல வியாபாரம்.

இத்ரிசு முதலில் இன்ஜினைத் தட்டிப் பார்த்தார்.

"இது அறுபத்தாறுல வார்த்தது. நான்தான் மாத்தினேன். இதுக்கு ஒண்ணும் தெரியாது."

கியர்பெட்டியைப் பார்த்தார். "இது 'கருப்புக்காரன்'னு ஒரு லாரி ஓடுச்சே, அதோடது." பின் அச்சைப் பார்த்தார். "இது எவனோடதுன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்." முன் விளக்குகள் இரண்டும் இரண்டு நாட்டு விளக்குகள். நாற்பது வருடம் ஓடிய லாரியில் சொந்தமாக என்ன மிஞ்சும்? ஒவ்வொன்றும் செத்துப்போன ஏதோ ஒரு வண்டியிலிருந்து வந்தது.

"மாஸ்டர், இந்த வண்டியில கூடப் பொறந்தது ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"சேசிஸ் மட்டும்தான் மேடம். அத மாத்தினா அது வேற வண்டி. அதுல நம்பர் வெட்டியிருப்பாங்க, முன் சக்கரத்துக்குப் பின்னால. அது பொய் சொல்லாது."

க்வாபெனா அப்போது பலகைப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். மாபா என்ற எழுத்தின் கீழே மூலையில் இருந்த 1957ஐக் கையால் துடைத்துப் பளபளப்பாக்கி எல்லோருக்கும் காட்டினான். "பாருங்க. இதவிட வேற என்ன வேணும்?" என்றான். இருபத்தொரு வருடம் தினமும் காலையில் அவன் கழுவிய எண்கள் அவை.

இத்ரிசு பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். கத்தியால் சேற்றையும் பழைய கிரீஸையும் சுரண்டினார். நான் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு குந்தியிருந்தேன். அவருடைய காலஞ்சென்ற குரு விட்டுப்போன பெட்போர்டு உதிரிபாகப் புத்தகம் என் மடியில் இருந்தது. எந்த எண்ணிலிருந்து எந்த வருடத்து வண்டி தொடங்குகிறது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. ஆம்போஃபோ ஒரு பக்கம் குனிந்தார், க்வாபெனா மறுபக்கம் குனிந்தான்.

மாஸ்டர் இத்ரிசு எண்ணை உரக்கப் படித்தார். நான் எழுதினேன். பட்டியலில் விரலை வைத்தேன். ஒரு தடவை பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"என்ன மேடம்?" என்றான் க்வாபெனா.

"அறுபத்தொன்று மாடல்," என்றேன். "அறுபது அக்டோபருக்கு அப்புறம் செஞ்சது."

ஆம்போஃபோ குனிந்து பட்டியலைப் பார்த்தார்.

"தப்பா இருக்கும். இன்னொரு தடவ பாருங்க மேடம்."

பார்த்தேன். இத்ரிசு மெதுவாக வெளியே வந்து பாயில் உட்கார்ந்தார். க்வாபெனா பலகையைக் காட்டி, "அப்போ இது? இது யாரு எழுதினது?" என்று கத்தினான்.

இத்ரிசு எழுந்து போய்ப் பலகையின் ஓரத்தில் பெயிண்டைக் கத்தி முனையால் கொஞ்சம் உரித்தார். மஞ்சளுக்குக் கீழே நீலம். நீலத்துக்குக் கீழே வெள்ளை. வெள்ளையிலும் மாபா. ஆனால் எழுத்தின் வளைவு வேறு, கை வேறு.

"பலகை வேற, சேசிஸ் வேற தம்பி," என்றார். "பலகை அம்பத்தேழுதான். எங்க குரு சொல்லியிருக்காரு, நான் அப்போ வேலை கத்துக்கிட்டிருந்தேன். அஃப்ராம் ஆத்துல ஒரு லாரி விழுந்துச்சு. சேசிஸ் முறுக்கிப் போச்சு, மேல பேரு எழுதின பலகைக் கட்டுக்கு ஒண்ணும் ஆகல. நல்ல ஒடும் மரம். பட்டறையில ஒண்ணரை வருஷம் கெடந்துச்சு. அதுசெய் புது சேசிஸ் கொண்டாந்தப்போ அதத் தூக்கி வெச்சுக் குடுத்தோம். பேரை மாத்தவான்னு குரு கேட்டாரு. 'வேணாம், ஜனங்களுக்குப் பழகின பேரு, பாத்ததும் ஏறுவாங்க'ன்னு அதுசெய் சொல்லிட்டாரு."

"ஆத்துல விழுந்த லாரியோட டிரைவர்?" என்று கேட்டேன். கேட்க வேண்டியவன் கேட்கவில்லை.

"அவரும் போயிட்டாரு. அம்பத்தொம்பதுல."

"பேரு?"

இத்ரிசு யோசித்தார். "மாபான்னுதான் சொன்னாங்க. வேற பேரு யாருக்கும் தெரியாது. கடற்கரைப் பக்கத்து ஆளுன்னு ஞாபகம்."

வாழைக்காய் வறுக்கிறவள் எண்ணெயை இறக்கிவைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். எல்லோரும் அவனைத்தான் பார்த்தோம். அவன் லாரியின் படியில் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் போனேன். ஏதாவது கதை கட்டிச் சொல்லலாமா என்று தேடினேன். வாழ்நாளெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு அந்த நிமிடம் ஒன்றும் வரவில்லை.

"அப்போ அவருக்குத் தெரியும்," என்றான்.

"யாருக்கு?"

"டிரைவருக்கு. நான் மாபாவத் தேடி வந்த அன்னிக்கே தெரியும். என் வயசப் பாத்திருப்பாரு. நான் வேற ஒருத்தனத் தேடுறேன்னு தெரியும். 'நான் இல்லடா'ன்னு ஒரு வார்த்தை. இருபத்தோரு வருஷம். தெனமும் பக்கத்துல உக்காந்திருந்தேனே மேடம்."

"சொன்னா நீ போயிடுவேன்னு நெனச்சிருப்பாரு க்வாபெனா. அவருக்கும் பிள்ளை இல்லையே."

"போயிருப்பேன். ஆத்துல விழுந்தவரோட ஊருக்குப் போயிருப்பேன். எழுபத்தேழுல அவரைத் தெரிஞ்சவங்க நாலு பேராவது உயிரோட இருந்திருப்பாங்க."

நான் நோட்டுப் புத்தகத்தை மூடினேன்.

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். சாவு வீட்டுக்கு நடந்து போய், மடித்த சிவப்புத் துணியை ஆம்போஃபோவின் காலடியில் வைத்தான். ஆம்போஃபோ எழுந்துவிட்டார். "தம்பி, பெட்டிய வேணா நீயே..." என்று ஆரம்பித்தார். சாராயம் ஊற்றிய தரையைப் பார்த்தார்.

சனிக்கிழமை அடக்கம். குடும்பம் வாங்கிய பெட்டியில், பிள்ளையில்லாத மனிதராக அதுசெய் போனார். ஊரில் பாதிப் பேர் வாசலுக்கு வரவில்லை. க்வாபெனா மற்ற டிரைவர்களோடு கடைசி வரிசையில் கறுப்புத் துணியில் நின்றான். அழவில்லை. யாருக்காக அழுவதென்று அவனுக்குத் தெரிந்திருக்காது. ஒருவர் அப்பா இல்லை. இன்னொருவருக்கு முகமில்லை, பெயருமில்லை.

அடுத்த வாரம் அஃப்ராம் ஆற்றுப் பக்கம் போனான். கேட்காத ஊர் இல்லை. ஐம்பத்தொன்பதில் ஆற்றில் விழுந்த டிரைவர் என்றால், பிறகு அணை கட்டி ஏரி வந்தபோது அந்த ஊர்களே தண்ணீருக்குள் போய்விட்டன என்று கையை விரித்தார்கள். கடற்கரை ஊர்களில் லாரி நிலையம் நிலையமாகப் போய்க் கேட்டான். மாபா என்ற பெயரில் இப்போது ஓடுகிற ஏழு வண்டிகளைக் காட்டினார்கள்.

ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தவன் லாரி நிலையத்துக்குள் நுழையவே இல்லை. தச்சன் பட்டறையில் பெட்டி அப்படியே கிடந்தது, கோழி முட்டையிட்டிருந்தது. அதை எடுத்து ஒரு நெசவாளியின் சாவுக்குக் கொடுத்துவிட்டு, வடக்கே தமலே பக்கம் போனான். சேதி இல்லை. இரண்டாயிரத்து நான்கில் அங்கிருந்து வந்த ஒரு செவிலி, தன் ஆஸ்பத்திரியில் நீண்ட கழுத்துக்காரன் ஒருவன் இறந்ததாகவும், படிவத்தில் தகப்பன் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விடச் சொன்னதாகவும் என்னிடம் சொன்னாள். அது அவன்தானா என்று நான் விசாரிக்கவில்லை.

லாரியை ஆம்போஃபோ ஒருவருடம் ஓட்டிப் பார்த்தார். யாரும் ஏறவில்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

நான் என்ன செய்திருக்க முடியும்? இத்ரிசு எண்ணைப் படித்தார், அத்தனை பேரும் கேட்டார்கள், நான் வருடத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

தொழில் விஷயத்தில் பிசகு இருந்தால் திருத்தலாம் என்று இதுவரை எழுதியதை மாஸ்டர் இத்ரிசுவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது எண்பது. கண் போய்விட்டது, காது நன்றாக இருக்கிறது. கேட்டு முடித்து, தொழுகைத் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"சேசிஸ், பலகை எல்லாம் சரி மேடம். ஒரு எடத்துல மட்டும் மாத்தணும்."

"எங்கே?"

"நம்பர நான் படிக்கல. மொத ரெண்டு எழுத்தப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கட்டைவிரலால கிரீஸ அள்ளி அது மேல அப்பிட்டு, 'துரு தின்னுடுச்சு, தெரியல'ன்னு சொல்ல வாயத் தொறந்தேன். நீங்கதான் 'கொஞ்சம் தள்ளுங்க மாஸ்டர்'னு சொல்லி, துணி முனையால அதத் தொடச்சு, ஒவ்வொரு எழுத்தா உரக்கப் படிச்சீங்க."